பல்லு டொக்டர்

செவ்வாய், நவம்பர் 4
தூறல். டிராம் தாமதம். குடை அலுவலகத்தில்.
ஆபிரிக்க ஆய்வு: கம்பாலா நேர்காணல்கள், ஆறு. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்த பெண்கள். கருத்தடை ஊசி கிடைக்கிறதா, ஏன் இடையில் விட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியீடு போடுவது என் வேலை.
14ஆம் பெண்: கிளினிக் அட்டை ஊரில், மாமியாரின் பெட்டிக்குள். நகரத்தில் புது அட்டை எடுத்தாள். வீட்டில் வைக்க முடியாது. பக்கத்தில் கரி விற்பவளிடம் இருக்கிறது.
இவளுக்கு 'மறைத்துப் பயன்படுத்தல்'. கரி விற்பவளுக்குக் குறியீடு இல்லை. கூட்டத்தில் கேட்க நினைத்தேன். விட்டுவிட்டேன்.
வாங்க: பால், குழந்தைக்கு நப்பி, கறிவேப்பிலை.

புதன், 5
வெள்ளைக்காரரின் வெடி நாள், மாலை முழுக்க வாணவெடி. அண்ணையின் குழந்தை அழுகை, எட்டு மாதம்.
மச்சாள் தர்சினி, அண்ணையின் மனைவி, அம்மாவுக்குக் கேட்காமல் குசினிக் குழாயைத் திறந்துவிட்டுக் கதைத்தாள்.
"பிள்ளை தங்காமல் கையிலை ஒரு சின்னக் குச்சி வைக்கிறதாம், மூண்டு வருசத்துக்கு. டொக்டரிட்டை நீங்கள் வந்து கதைக்கேலுமோ?"
"அண்ணைக்குத் தெரியுமோ?"
"ஓம். மாமிக்குத் தெரியப்படாதாம்."
மச்சாளுக்கு ஜனவரியில் நேர்ஸிங் படிப்பு, ஆங்கில வகுப்போடு. இன்னொரு பிள்ளை வந்தால் அது போச்சு. அம்மாவோ தினமும், "ஒண்டுக்கொண்டு துணை வேணும்."
சரி என்றேன்.

திங்கள், 10
டொக்டர். ஆங்கிலத்தில் நாள் முழுக்கக் கணினியில் தட்டும் சொல், மச்சாளுக்குத் தமிழில் மொழிபெயர்க்க வரவில்லை. "அது," என்றேன். மச்சாள் சிரித்தாள்.
வீட்டுக்குக் கடிதம் போடலாமா என்று கேட்டார்கள். தலையாட்டினேன். பஸ்ஸில்தான் உறைத்தது.

சனி, 15
கடிதம். அம்மா உடைத்தே வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயதிலிருந்து வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான்: கவுன்சில், கரண்ட், அப்பாவின் ஆஸ்பத்திரி. ஒருநாளும் மாற்றி வாசித்ததில்லை.
"தர்சினிக்கு என்னவோ வந்திருக்கு. வாசி பிள்ளை."
சோறு மசித்துக்கொண்டிருந்த மச்சாளின் கை நின்றது.
"பல்லு. புதன்கிழமை பல்லு டொக்டர்."
"அவளின்ரை பல்லு முத்து மாதிரியெல்லோ?"
"கடைவாய்ப் பல்லு, மாமி."
அம்மா எழுந்துபோய்க் கராம்பு எடுத்து வந்தார். மச்சாள் வாங்கிக் கடித்தாள்.
கடிதம் இப்போது என் பையில், கம்பாலா தாள்களோடு.

வியாழன், 20
களைப்பு. நேற்று அரை நாள் லீவு, கிளினிக். ஐந்து நிமிட வேலை. மச்சாளின் இடக்கையில் கட்டு, மேலே தடித்த சுவெட்டர்.
வீட்டில் அம்மா கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார், பல் நோவுக்கு. மச்சாள் ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்தபடி குடித்தாள். குழந்தை தவழ்ந்து வந்தது. குனிந்தாள். அம்மா முந்திக்கொண்டு தூக்கினார்.
"இடக்கையாலை தூக்காதை, பிள்ளை. நோகும்."