பாத்து குடுங்க

ஜூன் 12, புதன்

விஜி ஒரு டைரி கொடுத்தாள். துணிக்கடையில் சும்மா கொடுத்ததாம். "அண்ணி, நீ பக்கத்துல உக்காந்து பேசிகினே இருந்தா நான் எப்ப ஜாக்கெட் தைக்கறது? இதுங்கிட்ட பேசு" என்றாள். அஞ்சாவது வரை படித்தவளுக்கு டைரி. அவள் அண்ணன் இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

இவர் போய் ஏழு மாதம். சுவரில் மாட்டியிருப்பது ஆதார் போட்டோவைப் பெரிசாக்கியது. திருத்தணியில் பாதிச் சுவருக்குச் சாமி வரைந்த மனுஷன், ரேஷன் அரிசி கடத்திப் பிடிபட்டவர் மாதிரி முழிக்கிறார். மாலை போட்டால் இன்னும் மோசம். நானே வரையலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறார். உயிரோடு இருந்தபோதும் கூப்பிட்டவுடன் வந்த ஆளில்லை.

ஜூன் 14

பஞ்சாட்சரம் அண்ணன் வந்தார். மலையடிவாரத்தில் லாட்ஜ் கட்டுகிறார். வாசல் சுவரில் மயில்மேல் முருகன் வேண்டுமாம், ஆடிக் கிருத்திகைக்குள். "தணிகைமணி இல்லன்னா என்னா, அவன் போட்ட கோட்டுக்கெல்லாம் கலர் குடுத்த கை உன்னுது தானேம்மா" என்றார். "எவ்ளோ ஆவும்?" என்று கேட்டார்.

நான் காதைச் சொறிந்துகொண்டு, "நீங்க பாத்து குடுங்கண்ணா" என்றேன்.

அச்சு அசல் இவர். காது சொறிவது உட்பட. கல்யாணமான நாளாய் இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இவரோடு சண்டை. யாராவது கூலி எவ்வளவு என்று கேட்டால் போதும், பெயிண்ட் கையோடு காதைச் சொறிவார், "நீங்க பாத்து குடுங்க" என்பார். சாயங்காலம் காதில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தே அன்று ஏமாந்துவிட்டு வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

ஜூன் 15

விஜியிடம் சொன்னேன். "ஆங், பாத்து குடுப்பாரு. நல்லா பாத்துட்டு, குடுக்காம போவாரு" என்றாள். அவள் தையல் கடையில் அட்டை தொங்குகிறது. சாதா ஜாக்கெட் இவ்வளவு, லைனிங் வைத்தால் இவ்வளவு, அவசரம் என்றால் மேலே ஐம்பது. "நீயும் எழுதி மாட்டு அண்ணி. மயிலுக்கு இவ்ளோ, வேலுக்கு இவ்ளோ. வள்ளி வந்தா தனி. தெய்வானையும் கூட வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து தள்ளுபடி."

சிரித்துவிட்டேன். பிறகு, ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

ஜூன் 26

சாரத்தின் மேல் ஏறிக் கோடு போட்டேன். மூஞ்சி எப்போதும் இவர் வேலை. நான் மயிலும் பார்டரும்தான். அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் முருகனுக்கு இவருடைய முகவாய் வந்துவிட்டது. விட்டுவிட்டேன். பஞ்சாட்சரம் அண்ணனுக்குத் தெரியவா போகிறது.

வீட்டில் உட்கார்ந்து கூப்பிட்டால் வராதவர், அடுத்தவர் சுவருக்கு மட்டும் வருகிறார்.

ஜூலை 3

லாட்ஜுக்குள் டைல்ஸ் ஒட்டுகிறவர் அப்துல் கரீம் பாய், அரக்கோணத்துக்காரர். டீ குடிக்கும்போது, "உனுக்கு என்னா ரேட்டும்மா பேசிருக்காரு?" என்றார். பேசவில்லை, பார்த்துக் கொடுப்பார் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "நான் கக்கூஸுக்கே சதுர அடிக்கு அம்பதுன்னு பேசிட்டுத்தான் கரண்டியத் தொட்டேன்."

வரும் வழியெல்லாம் மனக்கணக்கு. சுவர் பன்னிரண்டுக்கு எட்டு. கக்கூஸ் ரேட்டுக்கே முருகன் நாலாயிரத்து எண்ணூறு.

முருகா, மன்னிச்சிக்கோ.

ஜூலை 9

கண் மட்டும் பாக்கி. சாமி படத்துக்குக் கண் கடைசியில்தான் வைப்போம். அன்றைக்குத்தான் தட்டில் வெற்றிலை பாக்கோடு கூலியும் வைத்துக் கொடுப்பார்கள். பஞ்சாட்சரம் அண்ணன் இன்றே வந்து மூவாயிரத்தையும் வெளுத்த சாம்பல் கலரில் ஒரு புடவையையும் நீட்டினார். "பாத்துதாம்மா குடுக்கறேன். தனியா நிக்கற பொண்ணு, ஒத்தாசையா இருக்கட்டும்." பிறகு குரலைத் தணித்து, "கண்ணு மட்டும் வேற ஆள வச்சி தொறந்துக்கறேன். தப்பா நெனச்சிக்காத. புது எடம் பாரு, மங்களகரமா..." என்றார்.

வாங்காமல் வந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை. கை நீளவில்லை.

ஒத்தாசையாம். பத்து நாளு வெயில்ல சாரத்து மேல நின்னேனே, அது வேல இல்லியா? நான் கண்ணு வச்சா ஆவாதா? அப்போ மயில் தோகையில அத்தினி கண்ணு வச்சேனே — அதெல்லாம் மட்டும் ஆவுமா? இவரு கிட்ட கேக்கணும். கேட்டா காதச் சொறிவாரு.

ஜூலை 17

இன்னும் கண் இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 22

விஜி சேதி கொண்டுவந்தாள். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் வரை பெயிண்டர்களைத் தேடிப் போனாராம் அண்ணன். ஒருவர் போட்ட சாமிக்கு இன்னொருவர் கண் வைப்பது எங்கள் தொழிலில் கிடையாது. "தணிகைமணி வீட்டுப் படமா? அந்தம்மா கிட்டயே கேளுங்க" என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்களாம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஒருவர் மட்டும் ஸ்டிக்கர் கண் ஒட்டித் தருகிறேன் என்றாராம். "மழை பேஞ்சா ஒரு கண்ணு உரிஞ்சிகினு வந்துடும், சாமி கண்ணடிக்கறா மாதிரி இருக்கும்" என்றாள் விஜி.

ஜூலை 25

வந்தார். வாசலிலேயே நின்றார். "நீயே கண்ணு வச்சிடும்மா. போறவன் வர்றவன்லாம் கேக்கறான். நான் அன்னிக்கு அப்டி சொல்லிருக்கக் கூடாது. எவ்ளோன்னு நீயே சொல்லு."

கை காதுக்குப் போனது. இறக்கிக்கொண்டேன்.

"உங்க மேஸ்திரிக்கு நாள் கூலி எவ்ளோண்ணா?"

"ஆயிரத்து எரநூறு."

"எனக்கும் அதான். பத்து நாள், பன்னண்டாயிரம். வெத்தல பாக்கும் என் கையிலதான் குடுக்கணும்."

"சாமி காரியத்துக்குப் போயி மேஸ்திரி கணக்கு பாக்கறியேம்மா."

"சாமி நிக்கற சொவுத்த அவரு சும்மாவா கட்னாரு?"

"சரிம்மா. அந்தப் பொடவ?" என்றார்.

"உங்க வீட்டு அண்ணிக்கே குடுங்க. அந்தக் கலரு எனக்கு வேணாம்."

அவர் போன கையோடு பிரஷ்ஷை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஜூலை 27

காலையில் கண் வைத்தேன். தட்டு என் கைக்கு வந்தது, முழுசாக. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் காதைப் பார்த்தேன். சுத்தம்.

ஆகஸ்ட் 6

கரீம் பாயின் தங்கச்சி ஆஸ்மா அரக்கோணத்தில் பென்சிலால் ஆள் படம் வரைகிறாளாம். போனேன். ஆதார் போட்டோவைக் கொடுத்தேன். "அஞ்சாயிரம்க்கா. பாதி இப்ப குடுத்துடணும்" என்றாள், போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் வாய் சும்மா இருக்கிறதா? "கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டது.

"ஏன்க்கா, மேஸ்திரி கூலி முருகருக்கு மட்டும்தானா?" என்றாள். அண்ணன்காரர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். வெட்கத்தோடு பாதியை எண்ணி வைத்தேன்.

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஆளே இல்லியேக்கா. எப்டி இருப்பாரு, சொல்லுங்க." சொன்னேன். காது வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது.

ஆகஸ்ட் 21

படம் வாங்கி வந்து மாட்டினேன். முழுக்கக் கறுப்புப் பென்சில். முகவாய் சரியாக இருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது, "பாத்து குடுங்க" என்று சொல்ல வருகிற மாதிரி. காது மடலில் மட்டும் ஒரு சொட்டு நீலம்.

மீதிப் பணத்தைக் கொடுத்தபோது, "நீலத்துக்குத் தனியா எவ்ளோம்மா?" என்று கேட்டேன்.

"அது நீங்க கொண்டாந்ததுதானேக்கா" என்றாள்.