ரூத்தின் குடும்பப் பெயர்

செவ்வாய், மார்ச் 11

நான் வேலை செய்யும் நகர ஆவணக் காப்பகத்துக்கு இன்று அர்ஜென்டினாவிலிருந்து ரூத் என்ற யூதப் பெண் வந்தார். தன் குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடினார். பழைய பதிவேட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைக்கவேண்டும் என்று அரசு உத்தரவிட்ட காலத்தில், அவருடைய மூதாதை ஒருவர் தன் கிராமத்தின் பெயரையே எடுத்துக் கையெழுத்திட்டிருந்தார். அந்த மூதாதையின் பேரன் ஒருவன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய பதிவும் இருந்தது. ரூத் அழுதார்.

எனக்கு வயிறு எரிந்தது. என் குடும்பப் பெயர் அப்பப்பாவின் பெயர். அப்பா அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது ஒரு ஜெர்மன் அதிகாரி அதைப் படிவத்தில் எழுதிவிட்டார். அதற்கு முன்னால் யார் யார் என்று காட்ட ஒரு தாளும் இல்லை.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"கப்பல் ஏறாத ஆக்களின்ர பேரும் அங்க இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம். பதினொரு பேர். நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோன ஆக்களின்ர பட்டியலில."

"அதையும் பாத்தோ பொறாமைப்பட்டனீர்?"

தட்டோடு எழுந்துவிட்டேன். அந்தப் பட்டியலுக்கும் ரூத் பிரதி கேட்டிருந்தார். பதினொரு பெயர்களையும் மெல்ல வாசித்தார். பக்கத்தில் நின்ற நான், எனக்கு வாசிக்க ஒரு பெயர்கூட இல்லையே என்றுதான் நினைத்தேன்.