அக்காகிட்ட சொல்லிட்டேன்

என் மூத்தவளுக்கு,

உன் தங்கையை நீ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். மற்றபடி நானும் அப்பாவும் சுகம், உனக்கும் அங்கே சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எனக்கு முன்னால் உனக்குத் தெரியாத விஷயம் இந்த வீட்டில் எது இருக்கிறது. ஒன்றுக்குப் போனால் ரத்தம் வருகிறது என்று, பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்த என்னிடம் அவள் சொல்லவில்லை, எங்கோ ஒரு கிடங்கில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற உனக்குப் போன் போடுகிறாள். நீ என்னைக் கூப்பிட்டு, அம்மா அவள திட்டாத, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ என்கிறாய். நான் திட்டுவேன் என்று யார் சொன்னது?

முதலில் வயிற்றில் பசை தடவி எடுத்த ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தது, கல் தெரியவில்லை. பிறகுதான் டாக்டரம்மா சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார். பிள்ளைக்கு எக்ஸ்ரே கதிர் ஆகாதே என்றேன். அதனாலதாம்மா முதல்லயே அத எடுக்கல, இவ எடைக்குத் தகுந்த மாதிரி குறைச்சு வச்சு ஒரே தடவதான் எடுப்பாங்க என்றார். எனக்கு ஒரு ஈயக் கவசத்தை மாட்டி உள்ளே விட்டார்கள், அந்தக் கனத்தில் தோள் இறங்கிப்போயிற்று. பயப்படாதடி, அம்மா இருக்கேன் என்று அவள் காலைப் பிடித்தேன். நீ பயப்படாதம்மா, அக்கா எல்லாம் சொல்லிட்டா, பெரிய டயர் மாதிரி சுத்தும், மேல படாது, ஆடாம படுத்தா போதும் என்கிறாள். கவசத்தைச் சுமந்தவள் நான், தைரியம் சொன்னவள் நீ.

கல் சிறுநீர்க் குழாயில் இருக்கிறது, படத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. மாத்திரையும் தண்ணீருமே போதும், தானாக இறங்கிவிடும், இறங்காவிட்டால் குழாய் விட்டு எடுக்கலாம் என்றார். ஏன் பாப்பா, தண்ணியே குடிக்கிறதில்லையா என்று அவளைக் கேட்டார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, அக்காகிட்ட சொல்லிட்டேன் என்றாள். அப்ப அக்காவத்தான் வரச் சொல்லணும் போல என்று டாக்டரம்மா சிரித்தார், எனக்கு முகம் எரிந்தது. பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் வாயைப் பிடுங்கினேன். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்களாம், அதனால் சாயங்காலம் கடைசி மணி அடிக்கும்வரை ஒரு சொட்டுக் குடிப்பதில்லையாம். மறுநாள் வேலைக்குப் போகாமல் அங்கே போய்க் கத்தினேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கோம் என்றார் தலைமையாசிரியர். அவர் அறையிலேயே தனிக் கழிப்பறை, கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. ஒரு தாழ்ப்பாள் போட இவர்களுக்கு மனசில்லை, என் பிள்ளை கதிர் வாங்கிக்கொண்டு படுத்தாள். இதெல்லாம் தெரிந்தும் நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணி குடிடா செல்லம் என்று போனில் கொஞ்சினாயாம். கொஞ்சுவதற்கு நீ, கத்துவதற்கு நான்.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. வேலையிடத்தில் நீயும் தண்ணீர் குடி, நீயும் அடக்கிவைக்கிறவள்தான். அவளோடு பேச வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் இரண்டு பேரும் கேட்கப்போவதில்லை. ஆனால் என்னிடம் மறைத்து உன்னிடம் அவள் சொன்னது இன்னும் என்னென்ன இருக்கிறது? ஒன்று விடாமல் எழுது.

அம்மா