ஊதாப்பூ விரிப்பு

கடையிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அழ ஆரம்பித்துவிடுவாய். நம் மகள் ஜெயிலில் இல்லை. மாடியில் உன் தலையணையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்துப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிடாமல் வேலையைப் பார்.

உன் அண்ணன் உனக்குப் போன் பண்ணி, கடைக்குப் போலீஸ் வந்ததாகவும் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனதாகவும் சொன்னாராமே! போலீஸ் வந்தது உண்மைதான். இஸ்திரிக்குப் போட்ட சீருடைகளை வாங்கிக்கொண்டு போக வந்தார்கள். பாக்கிச் சில்லறையையும் வாங்காமல் போனார்கள். அதைப் பார்த்த யாரோ உன் அண்ணன் காதில் போட, அவர் கை கால் மூக்கு வைத்து உனக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வாயைத் தைக்க எங்கேயும் நூல் கிடைக்கவில்லை.

நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கத்துவேன், முழுக்கதையும் யாருக்கும் போய்ச் சேராது. உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸம்மா லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாள். அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி வரை படி.

பல்கலைக்கழகத்தில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று நான் போனில் சொன்ன அன்றைக்கு, நீ எவ்வளவு என்று கேட்டாய். அப்புறம், "சரி விடுங்க, இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரேன், ஒப்பந்தத்தை நீட்டித் தருவாங்க" என்று, பால் வாங்கிட்டு வரேன் என்பது போலச் சொன்னாய். நானும் "ம்" என்றேன். நம் மகள் வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். (நீ வைத்த பேர்தான். படிப்பது கணக்கு, வேலை என்னவோ வாதாடுவது.) அவள் எழுந்து மேலே போய்விட்டாள். வாய் ஓயாத பெண் வாயைத் திறக்காமல் போகிறாளே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே உறைக்கும்?

முதலில் பிள்ளைகள் கட்டணத்தை எதிர்த்துப் பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கடையில் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. பேங்க் சாரைத் தெரியுமே, ரிட்டயர் ஆனபிறகும் தினம் முழுக்கைச் சட்டை போடுகிறவர். அவர், "கட்டணம் ஏத்தாம கட்டடத்துக்கு வெள்ளை அடிக்க முடியுமா?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம் நின்ற பஸ் டிரைவர், "வெள்ளை அடிச்ச கட்டடத்துக்குள்ள என் பொண்ணு போக முடியாதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டார். ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அப்படிப் பிடித்திருந்தாலும் இரண்டும் நான் இஸ்திரி போட்ட சட்டை, எனக்கு இன்னொரு வேலை கிடைத்திருக்கும். நான் இரண்டு பக்கமும் சேராமல் மடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. நம்ப மாட்டாய். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகப் பேசினேன்.

பிறகு பிள்ளைகளின் ஊர்வலம். எங்கே, யார் தொடங்கினார்கள் என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கல் பறந்தது. நூலகத்தின் முன்பக்கக் கண்ணாடி முழுக்கக் கொட்டிவிட்டது. ஒரு கல் வாசல் காவல்காரர் நெற்றியில் பட்டுவிட்டது. நம் கேட் அண்ணன்தான். சீருடையைக் கொடுக்க வரும்போதெல்லாம் உன்னைப் பற்றி விசாரிப்பாரே, அவரேதான். அந்த மனுஷன் கட்டணத்தை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. தெருவில் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு டி.வி.க்காரப் பெண் வந்தாள். "அடிச்சவன், அவன் கூட நின்னவன், ஒருத்தனையும் விடாம வெளிய அனுப்புங்க, பரீட்சையும் கூடாது ஒண்ணும் கூடாது!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போட்டார்கள். நாள் முழுக்கப் போட்டார்கள். முதலில் கேட் அண்ணன் படியில் உட்கார்ந்திருப்பார், தலையில் பூப்போட்ட துணியால் கட்டு, அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை மூடிய ஒரு பெண். அடுத்து நான், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. ஹீரோ மாதிரித்தான் இருந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டேன். மகள் மட்டும் பார்க்கவில்லை. தலைவலி என்று மேலேயே இருந்தாள்.

அப்புறம் டீச்சரம்மா வந்தார். அதுதான், நம் பெரிய வாடிக்கைக்காரர், எப்போதும் இரட்டைக் கட்டில் விரிப்பு போடுகிறவர். வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய் நெடுநாள் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தார். சீட்டை நீட்டி ஊதாப்பூ விரிப்பைக் கேட்டார். யாரும் வாங்காத துணிகளைப் பின்னால் ஒரு அலமாரியில் போட்டுவைக்கிறோமே, அங்கேதான் இருந்தது. போய்ப் பார்த்தேன், இல்லை. தேடித் தேடி வியர்த்தது. நாளைக்கு வாங்கம்மா என்றேன். அவர் நிதானமாக, "தேடாதீங்க. டி.வி.யில பார்த்தேன். கேட்காரர் தலையில இருக்கு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டி.வி.யைப் போட்டுக் காட்டினார். ஊதாப்பூ. அதன் ஓரத்தில், கேட் அண்ணன் நெற்றிக்கு நேரே, அழியாத மையில் நம் கடைக் குறி! நானே என் கையால் போட்டது. அதை எத்தனை முறை பார்த்திருப்பேன், என் முகம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் படவே இல்லை. டீச்சரம்மா போகும்போது, "விரிப்பு போனாப் போகட்டும், பொண்ணை அடிச்சுடாதீங்க" என்றார். நான் என்றைக்கு அடித்தேன்? ஆனால் அன்றைக்கு என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

மாடிக்குப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. விரிப்பை எடுத்து எழுதி, இரண்டு பக்கமும் கம்பு கட்டிப் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். கேட் அண்ணன் விழுந்ததும் கிழித்துக் கட்டினாளாம். நீ கல் எடுத்தாயா என்றேன். "நான் எடுக்கல. எறியாதீங்கன்னு கத்தவும் இல்லப்பா. அப்போ எனக்கும் கோபமாத்தான் இருந்துச்சு" என்றாள். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வக்கீல் இல்லையா, முழுசாகச் சொன்னாள். நான் கீழே வந்து நன்றாக இருந்த ஒரு காலரைப் பொசுக்கினேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் சமைத்து வைப்பாள், நான் சாப்பிடுவேன். உப்புக் குறைந்தாலும் கேட்காமல் சாப்பிட்டேன்.

அதே சமயத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவாளர் காலையில் சட்டை மாட்டும்போது காலரைப் பார்த்தாராம். டி.வி.யில் கேட் அண்ணன் நெற்றியில் இருந்த அதே குறி அவர் கழுத்திலும் இருந்திருக்கிறது. அங்கே பாதிப் பேருக்குச் சட்டை வெளுப்பது நாம்தானே. விசாரித்தார்கள், நம் பெண் என்று தெரிந்துவிட்டது. பெற்றவரோடு விசாரணைக்கு வர வேண்டும், அதுவரை பரீட்சை எழுத அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. உன்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று திட்டாதே. சொல்லியிருந்தால் நீ அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய்.

விசாரணைக்கு முதல் நாள் கேட் அண்ணன் கடைக்கு வந்தார். தையல் பிரித்தாயிற்று, முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. கட்டியிருந்த துணியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து, உங்கள் கடைத் துணி, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவரேதான் பேசினார். "எல்லாம் ஓடிப்போச்சு, உங்க பொண்ணு மட்டும் ஓடல. ஆனா அவளும் அந்தக் கூட்டத்துலதான் நின்னா. ரெண்டையும் சொல்லுவேன், ஒண்ணை மட்டும் சொல்லச் சொல்லாதீங்க" என்றார். நான் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அவர் போனதும் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் போட்டு அலசினேன். கறை போகப் போக, கறுப்புப் பெயின்டில் எழுத்து தெரிந்தது. விரித்துப் பார்த்தேன். "வீட்டுக்கு வரணும்" என்று இருந்தது. கட்டணம், கல்வி, உரிமை என்று ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்கு வரணும்? துணியை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு மேலே போய்க் கேட்டேன், அத்தனை நாளைக்கப்புறம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து மற்ற பாதியை எடுத்து, இதோடு சேர்த்து வைத்தாள்.

"எங்கம்மா."

கட்டணம் ஏறினால் உங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். மற்றவர்கள் பெரிது பெரிதாக என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இவள் இதை எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். இதற்கும் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பையன் சிரித்தானாம். நான் சிரிக்கவில்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்டி. அவள் என் தோளில் தட்டிக்கொடுத்தாள், நான் என்னமோ அவள் பிள்ளை மாதிரி.

விசாரணையில் நீளமான மேசை. நம் கடையில் வெளுத்த சட்டைகளாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லெறிந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். கல் வந்த பக்கம் தன் முதுகு இருந்தது, பார்க்கவில்லை என்றாள். யார் மேலாவது சந்தேகம் உண்டா என்றால், சந்தேகத்தை வைத்து ஒருவர் படிப்பைக் கெடுக்க மாட்டேன் என்றாள். விசாரணைத் தலைவர் மரியாதையாகத்தான் என் பக்கம் திரும்பினார். "கூட நின்னவங்களையும் வெளிய அனுப்பணும்னு டி.வி.யில நீங்களே சொன்னீங்களே, நாங்க என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எழுந்து நின்றேன். சொன்னேன் ஐயா, சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், கல்லைப் பற்றி இப்போதும் அதையேதான் சொல்லுவேன் என்றேன். ஆனால் கூட நின்றவர்கள் என்று சொன்னபோது அவர்களில் ஒருத்தி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், அதை என் கண்ணால் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, அதனால் அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கேட் அண்ணன் சொன்னபடியே இரண்டையும் சொன்னார். கல் எறிந்தவனை மன்னிக்க மாட்டேன் என்றார். கட்டினவளைப் பரீட்சை எழுத விடுங்கள் என்றும் சொன்னார். எழுத விட்டுவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் உண்டு, விடுமுறையில் நூலகத்தில் வேலை செய்ய வேண்டும். வக்கீலம்மா அதற்கும் வாதாட வாயைத் திறந்தாள், நான் அவள் காலை மிதித்தேன்.

கட்டண உயர்வை ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். கல்லால்தான் குறைந்தது என்று பஸ் டிரைவர் சொல்கிறார். கல் இல்லாவிட்டால் முழுக்கக் குறைந்திருக்கும் என்கிறார் பேங்க் சார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்று தோன்றுகிறது, அதைச் சொன்னால் இரண்டு பேரும் என் மேல் பாய்கிறார்கள். கடை கலகலப்பாக இருக்கிறது. மீதிப் பாதிக்கு விடுதி விரிப்புகளை வெளுக்கும் வேலையைப் பிடித்திருக்கிறேன். சாயங்காலம் மகளும் மடித்துத் தருகிறாள். முனை சேராமல்தான் மடிக்கிறாள், உன்னை மாதிரி வராது.

டீச்சரம்மாவுக்குப் புது விரிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழையதை நானே தைத்து ஒட்டினேன். ரத்தம் சுத்தமாகப் போய்விட்டது. பெயின்ட் போகவில்லை. போக்குவதற்கு மருந்து கடையிலேயே இருக்கிறது, நான் தொடவில்லை.

அந்த ஒப்பந்தத் தாள் உன் கையில் இருக்கும். நீ கெட்டிக்காரி, உன் கையெழுத்து உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒரே ஒரு சமாச்சாரம். இஸ்திரி போட்டு, மடித்து, உன் பேர் எழுதிய சீட்டைக் குத்தி, விரிப்பை முன் அலமாரியில் வைத்திருக்கிறேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். துணிக்குச் சொந்தக்காரர் நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் வந்து வாங்கிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உப்புக் குறைந்தால் இப்போது வாய்விட்டுச் சொல்லும்
உன் வீட்டுக்காரன்