இந்தியில் வாசித்த என் பெயர்

செல்லத்துரை அண்ணன், அவர் பெண்டாட்டி பாக்கியம், மேல் வரிசை வீட்டு ராமாயி அக்கா, நான். அன்று சாயங்காலம் நம் தீவில், ஹட் பேயில் செல்லத்துரை அண்ணன் வீட்டு ரேடியோவைச் சுற்றி இருந்தவர்கள் இந்த நாலு பேர்தான். வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் பொய். எனக்கு எழுத்துதான் திக்கும், ஞாபகம் திக்காது.

இன்று காலை பேரன் போனில் ரேடியோ வைத்தான். ஒருத்தி இந்தியில் யார் யாருடைய பெயரையோ வாசித்துவிட்டு ஒரு தமிழ்ப் பாட்டுப் போட்டாள். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரான உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் காலத்தில் நம் தீவு ரேடியோ தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் தமிழ் பேசியது. இரண்டு பாட்டு, பிறகு தகவல்: யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் அடுத்த கப்பலில் வரவேண்டும். போன் இல்லாத நமக்கு அதுதான் தந்தி. தமிழ் முடிந்து இந்தி தொடங்கியதும் தோட்டத்து வரிசை முழுக்க ரேடியோவை அணைத்துவிடும். பேட்டரி மெயின்லேண்டிலிருந்து வரவேண்டுமே. "புரியாததுக்கு எதுக்குப் பேட்டரி?" என்று நீங்கள்தான் முதலில் எட்டி அணைப்பீர்கள்.

வயிற்று வலியென்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கேயே டெலானிபூரில் இருந்த உங்கள் தம்பி பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. ஜெட்டியில் என்னிடம், "ரொம்ப முடியாமப் போனா ரேடியோவுல சொல்லச் சொல்றேன் புள்ள, ஒடனே வந்துரு" என்றீர்கள்.

அந்த வாரம்தான் தமிழை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. தமிழ் நேரத்துக்குத் திருப்பினால் இந்திப் பாட்டு.

"என்னா இது, எடுத்த எடுப்பிலேயே இந்தி?" என்றாள் ராமாயி அக்கா.

"தமிழுக்கு லீவு போல. அணைச்சிருவம்," என்றார் செல்லத்துரை அண்ணன்.

"கொஞ்சம் விடுங்கண்ணே, நடுவுல வந்தாலும் வரும்," என்றேன் நான்.

"இந்தி கேட்டு எந்த ஊருக்குக் கலெக்டராப் போகப் போற?" என்று பாக்கியம் சிரித்தாள். அணைத்துவிட்டார்கள்.

தகவல் வராததே பயமாகி, ஒரு கப்பலை விட்டு அடுத்த கப்பலில் நானே ஏறினேன். போர்ட் பிளேர் ஜெட்டியில் உங்கள் தம்பி மொட்டைத் தலையோடு நின்றான்.

"ரேடியோவுல சொன்னோமே அண்ணி, ஏன் வரல?"

"தமிழே வரலியே தம்பி!"

"தமிழு ஞாயித்துக்கிழமைதான்னாங்க. இந்தியிலயே வாசிச்சிருங்கன்னுட்டேன். போன கப்பல் வந்தன்னிக்கு அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அண்ணி கேட்ருப்பாங்க, கேட்டும் வரலேன்னா நாங்க என்ன செய்யன்னு அதுகிட்ட சொன்னேன். அப்புறம் அது பேசவே இல்ல."

நம் வீட்டில் தங்கி என் கையால் தின்றவன் அவன். இந்தி வந்தால் நாம் அணைத்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியாதா?

பிறகு அந்த ரேடியோ எத்தனையோ தரம் மாறிவிட்டது. தமிழ் போனது, வந்தது, எஃப்எம் வந்தது, நாள் முழுக்க சினிமாப் பாட்டானது. நானும் இந்தி கற்றுக்கொண்டேன். மீன்காரியோடு இந்தியிலேயே சண்டை போடுகிறேன். இந்தக் குவார்ட்டர்ஸில் யாரையும் ரேடியோவை அணைக்க விடுவதில்லை. எவள் இந்தியில் பேசினாலும் என் பெயர் வருகிறதா என்றுதான் காது போகிறது.

நீங்கள் போனதைக்கூடத் தாங்கிவிட்டேன். கேட்டும் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போனீர்களே! எனக்குக் கேட்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல ஒரு ஸ்டேஷனும் இல்லை.

அணைத்தவரை மன்னித்தேன், சிரித்தவளை மன்னித்தேன். "வயசாயிருச்சு பாட்டி, சின்னத் தாத்தாவையும் விட்டுருங்க" என்கிறான் பேரன். சாகக் கிடந்த உங்கள் காதில் என்னைப் பற்றி அந்தச் சொல்லைப் போட்டவனை நான் விடமாட்டேன். அவன் பெயர் தர்மலிங்கம்.