சுண்ணாம்பு முட்டியில் ஊற்றிய உன் கோதுமை பீர்

கடைசி மடக்கை எப்போதும் எனக்கு விட்டுவைத்த என் மாப்ளே கதிர்வேலுவுக்கு,

உன் வருஷத் திதி நேற்று முடிந்தது. உனக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தோம். உன் கோதுமை பீர் மட்டும் வரவில்லை. ஏன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். வீட்டில் பீர் காய்ச்சுவது இந்த மாநிலத்தில் குற்றம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். உன்னை இனி எந்த ஸ்டேஷனுக்கும் கூப்பிட முடியாது.

பெங்களூரில் ஒரு கம்பெனி பீரைக் குடித்துவிட்டு வந்தாய். கலங்கலாக, ஆரஞ்சுத்தோல் மணத்தோடு இருந்த அதைக் கொழிஞ்சாம்பாறையிலேயே செய்வேன் என்று பிடிவாதமாக நின்றாய். ஆரஞ்சு சரிப்படாமல் நாரத்தங்காய்க்கு மாறினாய். உள்ளே இருக்கும் வெள்ளை படாமல் மேல்தோலை மட்டும் நீ துருவிக்கொண்டிருந்தபோது உன் தம்பி குமரேசன் வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கிறதா?

"சாராயம் காச்சறவன் ஊடுன்னு பேராகிப்போச்சு. எம் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அதே குமரேசன் இப்போது எருத்தேன்பதித் தோப்பில் விருந்தினர் விடுதி நடத்துகிறான். வருகிறவர்களிடம் 'எங்கள் குடும்பத்து பீர்' என்று பேசுகிறான். நீ இருந்தவரை உன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவன்.

நீ விட்டுப்போன ஈஸ்ட்டை உன் மனைவி சரோஜா ஒரு சீசாவில் வைத்து, முளைகட்டிய தானியத்தில் எடுத்த மால்ட் தண்ணீர் ஊற்றி வளர்த்து வருகிறாள். உன் கைபட்டதில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். "அண்ணன் படையலுக்கு நானே காச்சறனுங்க" என்று சொல்லி அதில் பாதியைக் குமரேசன் வாங்கிப்போனான். திதிக்கென்று கேட்டால் அவள் எப்படி மறுப்பாள்?

திதிக்கு முந்தின நாள் சரோஜாவையும் என்னையும் தோப்புக்குக் கூப்பிட்டான். பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தால் விருந்தாளிகள் படம் எடுக்கமாட்டார்களாம், பீரை மண்முட்டியில் ஊற்றியிருந்தான். ஒரு வாரமாகியும் பொங்கவில்லை. ஆறிப்போன பாயசத் தண்ணீர்போல இனித்தது.

"நீங்க குடுத்ததே செத்த ஈஸ்ட்டுங்க அண்ணி. ஒழுங்கா பாத்துக்கலீங்களா?"

தங்கச்சி சரோஜாவுக்கு முகம் செத்துவிட்டது. பிறகு குனிந்து முட்டியின் உள்பக்கம் விரலால் தடவினாள். விரல் வெள்ளையாக வந்தது.

"இது தெளுவு எறக்கற முட்டிங்க. பதனி புளிக்கக் கூடாதுன்னுதான் உள்ள சுண்ணாம்பு பூசறாங்க. இதுல எதுங்க பொங்கும்?"

"நம்ம பனையில கட்டற முட்டிதானுங்களே..."

"பனை உங்களுதுதானுங்க கொழுந்தனாரே. என்னைக்காச்சும் அதுங்கிட்டப் போயிருக்கறீங்களா?"

தான் செய்த தவறை அடுத்தவர் தலையில் கட்டும் பெரிய மனிதர்கள் பலரைப் பத்திரிகைக்காகப் பேட்டி எடுத்திருக்கிறேன். அவர்களாவது பதிலைக் கொஞ்சம் தயாரித்துக்கொண்டு வருவார்கள். இவன் அங்கேயே நின்று, "அப்ப மிச்சப் பாதியக் குடுங்க" என்றான்.

தங்கச்சி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சீசாவைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். உன் வீட்டின் இன்னொரு சாவி குமரேசனிடம் இருக்கிறது.

"இதையும் தூக்கீட்டுப் போயிட்டா, அவரு நெசமாவே போயிட்டாருங்கண்ணா."

இன்று காலை என் வீட்டுக்கும் வந்தான். குடும்பச் சொத்து என்றான். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். "எங்க ஊட்டுல புளிச்சது இது ஒண்ணுதான் மாப்ள" என்றேன். குடித்துவிட்டுப் போனான்.

ஈஸ்ட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பட்டினி போடமாட்டேன். தங்கச்சி காய்ச்சச் சொல்லும் அன்றைக்கு முதல் கிளாஸ் உன் படத்துக்கு, அடுத்தது அவளுக்கு. குமரேசனுக்கு நுரைகூடக் கிடையாது.

உன் அத்தை மகன்,
பழனிசாமி