கோவிந்தா சொல்லாத பாதம்

என் வெல்லக்கட்டி நைனாவுக்கு,

நேற்று எங்கள் ஆசுபத்திரியில் ஆண்டு விழா. உன் பெண் மைக்கைப் பிடித்துப் பேசினாள் என்றால் நம்புவாயா? வீட்டில் வாயைத் திறந்தால் மூடமாட்டாள், நாலு பேர் முன்னால் நிறுத்தினால் ஊமை என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாயே, அந்த நானேதான். ஆனாலும் பேசிவிட்டேன். பேசியதெல்லாம் உன்னைப் பற்றியும் உன் தம்பியின் காலைப் பற்றியும்தான். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். எங்கே வந்து சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நர்ஸ் ஆனதையே நீ பார்க்கவில்லை. அதுவும் உனக்கு வைத்தியம் பார்த்த அதே ஆசுபத்திரியில். இப்போது வந்தால் உனக்கு அடையாளமே தெரியாது. வரிசையில் குறுக்கே புகுந்தவர்களோடு நீ மல்லுக்கு நின்ற வராந்தாவில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சண்டை போட ஆளில்லாமல் உனக்குப் பொழுதே போகாது. பிரசவ வார்டு தனிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேலூருக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் இங்கேயே படுத்து எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

எங்கள் வேன் ஒரு நாள் குடிபாலா பக்கம் வருகிறது, இன்னொரு நாள் கங்காதர நெல்லூர் பக்கம் போகிறது. முன்பெல்லாம் முற்றிப்போன பிறகுதானே ஆசுபத்திரிப் பேச்சே எழும்? இப்போது ஹாரன் சத்தம் கேட்டாலே பெண்கள் மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் பாதிப் பேர் வேனில் வரும் டாக்டரம்மாவிடம் மருமகளைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வருகிறார்கள். இருக்கட்டும், அந்தச் சாக்கில் பிரஷரும் பார்த்துவிடுகிறோம்.

இதையெல்லாம் பெரிய டாக்டர் ஆண்டறிக்கையில் வாசித்தார். கூட்டத்துக்குக் கண் முழுக்கப் புளியோதரை அண்டா மேல். கடைசியில் பாதப் பரிசோதனை என்று ஒரே ஒரு வரி வந்தது. அந்த வரியை நான்தான் விளக்க வேண்டும் என்று டாக்டரம்மா கட்டளை போட்டிருந்தார். அது உன் வரி நைனா.

உன் புரட்டாசி நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். மாதம் பிறந்ததும் வெல்லக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்ப்பாய். மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, பஜனைக் கோஷ்டிக்கு முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாய். சித்தூர் தாண்டி, சந்திரகிரி தாண்டி, திருப்பதி போய், அலிபிரியில் படியேறுகிற வரைக்கும் வெறுங்கால். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காய்கிற நாளில் மற்றவர்கள் தார் ரோட்டை விட்டு ஓரத்துப் புல்லுக்கு ஓடுவார்கள். நீ மட்டும் நடு ரோட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் போவாய்.

"வலிக்கலியா நைனா?" என்று கேட்டால், "எனக்கு இன்னாடி வலி? பெருமாளு தூக்கிகினு போறாரு" என்பாய். ஊரே உன் காலில் விழுந்தது. நானும்தான் விழுந்தேன்.

சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். வெல்லம் காய்ச்சுகிறவனுக்குச் சர்க்கரை வராமல் வேறென்ன வரும் என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சிரிப்பாய். கடைசி நடையிலிருந்து திரும்பிய அன்று, நீ நடந்த இடமெல்லாம் கூடத்துத் தரையில் சிவப்பாக ஒட்டியிருந்தது. குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்து அம்மா துடைக்கப் போனாள். உன் உள்ளங்காலில் ஒரு பாட்டில் துண்டு ஏறியிருந்தது. எங்கே ஏறியது என்று உனக்கே தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். பட்ட காலிலேயே படும் என்று அப்போதும் நீ வேடிக்கை பேசினாய். அடுத்த புரட்டாசிக்கு நீ இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சில நாள் இன்னமும் வரும். ஆனால் உன் காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? நோவாத காலைச் சாமி கொடுத்த வரம் என்று நீ நம்பினாய், நாங்களும் நம்பினோம்.

உனக்குப் பிறகு கொடி கோபால் சித்தப்பா கைக்குப் போனது. அவருக்கும் சர்க்கரை வந்து வெகு நாளாகிறது. போன ஆடியில் வீட்டுக்கு வந்தவர், அம்மா போட்ட களியைத் தின்றுகொண்டே, "இப்பல்லாம் கால் நோவே தெரியறதில்ல அண்ணி. அண்ணன மாதிரி என்னையும் பெருமாளு தூக்கிகினு போறாரு" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். எனக்கோ இன்னொரு காலும் போகப் போகிறது என்றே தோன்றியது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் என்னவென்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அதுவரை நாங்கள் வருகிறவர்களிடம் வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று அதட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். யார் கேட்டார்கள்? "நடக்க வேண்டாம்னு சொல்றதுக்கு நாம யாரு சுகுணா? கிளம்பறதுக்கு முன்னால காலைப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. ஆவணியில் ஒரு நாள் வேனை நம்ம ஊர் பஜனைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பிடியில் மெல்லிய நைலான் நரம்பு இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே அதை வைத்து அழுத்துவோம். தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். முதலில் உட்கார்ந்தவள் நம்ம பூக்கார வள்ளியம்மா. நரம்பு பட்டதும் கூச்சம் தாங்காமல் "கோவிந்தா!" என்று கத்திவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு ஒருவர்கூட ஆமாம் சொல்லவில்லை. தொடத் தொட கோவிந்தாதான். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

சித்தப்பா வந்து காலை நீட்டிக் கண்ணை மூடினார். பெருவிரலின் அடியில் அழுத்தினேன். பேச்சில்லை. சுண்டுவிரல் பக்கம் அழுத்தினேன், நடுவில் அழுத்தினேன். வாய் திறக்கவில்லை. சுற்றி நின்றவர்களின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது.

"எப்பத்தான் தொடுவ சுகுணா? கண்ண மூடிகினு எவ்ளோ நேரம் குந்தறது?" என்றார்.

"கண்ணத் தொறந்து பாருங்க சித்தப்பா."

பார்த்தார். நரம்பு அவர் காலில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். நரம்பைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கும் இப்டித்தானா?" என்று கேட்டார்.

"அவருக்கு யாரும் தொட்டுப் பாக்கல சித்தப்பா. அப்ப இங்க இந்தப் பழக்கமே வரல."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, தன் தமிழில் சொன்னார்: "நொப்பி லேது, நோவு இல்லன்னு சந்தோஷப்படாதீங்க அய்யா. நொப்பி இருந்தாதான் கால் உங்களோடது. மெத்துன்னு ஒரு செருப்பு செஞ்சி தர்றோம். போட்டுகினு நடங்க."

செருப்பு என்றதும் சித்தப்பா எழுந்துவிட்டார். "மஞ்சத்துணி கட்டிகினு செருப்பா? பெருமாளு மூஞ்சில எப்டிமா முழிக்கறது?" என்று கிளம்பினார். அப்போதுதான் கூட்டத்தில் நின்றிருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"இன்னா தம்பி, வருஷா வருஷம் அலிபிரி மண்டபத்துல இன்னாத்த தலைல வச்சிகினு சுத்தற?"

"பெருமாளு பாதுகைய."

"பாதுகைன்னா இன்னா? செருப்புதான? அலமேலு மங்காவப் பாக்க அவரு மலைய விட்டு எறங்கி வர்றாரு, நடந்து நடந்து செருப்பு தேஞ்சி போவுது, புதுசு செஞ்சி வைக்கறாங்கன்னு நீதான கத சொல்லுவ? பொண்டாட்டியப் பாக்கப் போற சாமிக்கே செருப்பு வேணும். ஒனக்கு வாணாமா?"

நம்ம அம்மாவா இது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சில நாள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. போச்சு என்றுதான் இருந்தேன். அப்புறம் ஒரு காலையில் ஆசுபத்திரி வராந்தாவில் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். செருப்பு தைக்கிறவர் காலை அளவெடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாரு மட்டும் மஞ்சளா போட முடியுமா?"

மஞ்சள் வாரோடு கோஷ்டி கிளம்பியது. அம்மாவும் கூடப் போனாள். நான் வேனோடு அலிபிரியில் காத்திருப்பதாக ஏற்பாடு. சந்திரகிரிக்கு முன்னால் ஒரு பந்தலில் நீர்மோர் கொடுத்தார்கள். சித்தப்பா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மோர் குடித்தார். கொடியை எடுத்தார். கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்தார். நல்ல வெயில், ரோடு கொதிக்கிறது. பின்னால் வந்த அம்மா அவர் காலைப் பார்த்திருக்கிறாள்.

"தம்பி, ஒஞ் செருப்பு எங்க?"

"கால்ல தான் போட்டுகினு போறன்" என்றாராம்.

குனிந்து பார்த்தால் வெறுங்கால். நைனா, அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செருப்பு காலில் இருக்கிறது என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். கொடியை அம்மா கையில் கொடுத்துவிட்டு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். நரம்பு வைத்து நான் காட்டியபோதுகூட அவருக்குப் பாதி நம்பிக்கைதான். அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு பையன் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்தான். அதன் பிறகு ஒவ்வொரு மர நிழலிலும் நின்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அம்மா போனில் சொன்னதிலிருந்து என் உயிர் என்னிடம் இல்லை. அலிபிரியில் அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். கொப்புளம் இல்லை, கிழிசல் இல்லை. பெருவிரலின் அடியில் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் வெந்து பிய்ந்திருக்கும். மூச்சை விட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன?

"படி ஏறலாமா சுகுணா?" என்றார் மெல்ல.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சிவப்பைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மண்டபத்துக்குள் போய் வழக்கம்போல பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிவந்தார். கொடியை வள்ளியம்மாவின் மகனிடம் கொடுத்தார். "நீங்க ஏறுங்கடா. நான் பஸ்ல வர்றன். பஸ்ஸும் அவரோடதுதான்" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் வாரை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். உன் தம்பி, உன்னை மாதிரியே பிடிவாதக்காரர், படியை விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நீ பார்த்தாயா?

அந்தச் சிவப்பு நாலைந்து நாளில் வடிந்துவிட்டது. நேற்று விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடிப்பதற்குள் தானாகவே எழுந்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, "இதான் அந்தக் கால்!" என்று கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் புளியோதரையை மறந்து கோவிந்தா போட்டது. பெரிய டாக்டரும் சேர்ந்து போட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை என்னிடம் நீட்டி, "அடி தேஞ்சி போச்சி பாரு. பெருமாளுக்கு மாதிரி எனக்கும் புதுசு வை" என்றார். அடுத்த புரட்டாசிக்கு இப்போதே ஆயத்தம்.

வீட்டில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் நைனா. அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று சந்திரகிரி கதையைத் தினம் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் வெயில் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. நீயும் அலுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பரீட்சைக்கும் உன் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். நான் தொட்டது உனக்கு ஒரு நாளாவது தெரிந்ததா? அதை மட்டும் உன்னிடம் கேட்க முடியவில்லை.

இனி நம்ம ஊரில் கொடி கிளம்புவதற்கு முன்னால், நடக்கிற அத்தனை பேர் பாதத்தையும் நான் தொட்டுப் பார்ப்பேன். உன் மேல் ஆணை. கோவிந்தா சொல்லாத பாதத்துக்கு மஞ்சள் வார் மாட்டித்தான் அனுப்புவேன். உன் தம்பி அடுத்த வருஷமும் நடப்பார் நைனா, தன் இரண்டு காலாலும்.

உன் காலைத் தொட்டு,
உன் மூத்த பெண்
சுகுணா